மேளம் நின்ற பன்னிரண்டு வீடுகள்

என் மகளுக்கு அவள் அப்பா ஓட்டிய டிராக்டர் என்றால் உயிர். அப்பா வந்தால் தலையைத் திருப்ப மாட்டாள். டிராக்டர் வந்தால் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள்.

"நான் ஓட்டாம அது தானா வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. யாராச்சும் இவகிட்ட சொல்லுங்கலா," என்பார் என் வீட்டுக்காரர்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். நான் பாலுக்காக ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டினேன். அவர் தோட்டத்து டிராக்டரில் பால் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோனார். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து டிராக்டர் எங்கள் லயத்து முன்னால் வந்து நிற்கும். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. எங்களுடையது ஏழாவது. வண்டி நின்றதும் மகள் போய் முன் சக்கரத்தை ஒரு தட்டு தட்டுவாள். பிறகு பின் சக்கரம். பிறகு பின்னால் கோத்திருக்கும் டிரெய்லரின் சக்கரம். அப்படியே பின்பக்கமாகச் சுற்றி வந்து மறுபக்கத்து மூன்றையும் தட்டி முடிப்பாள். அவள் இடது கைக்காரி. அதனால் வண்டி தன் இடது கைப்பக்கம் இருக்கும்படிதான் எப்போதும் சுற்றுவாள். ஆறு சக்கரமும் முடிந்தால்தான் சோறு.

ஒரு நாள் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வெறும் டிராக்டரோடு வந்துவிட்டார். டிரெய்லர் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு பிள்ளை அழுத அழுகையில் லயத்து நாய்கள் எல்லாம் கூடக் குரைத்தன. மனுஷன் திரும்பிப் போய் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் அண்ணன், "வெறும் டிரெய்லர எதுக்குடா இழுத்துக்கிட்டுத் திரியிற? எண்ணெ என்ன ஒங்கப்பன் வீட்டுதா?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. ஒரு நாள் மரத்தடியில் நின்று பிள்ளை சுற்றுவதை அவரும் பார்த்துவிட்டிருந்தார்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. பேச்சு இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் மூன்று வீடு தள்ளி யாராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால் வந்து நிற்பாள். இன்றைக்கு இதை ஆட்டிசம் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஆளுக்கொரு வைத்தியம்தான் தெரியும். நாக்கில் வசம்பு உரசித் தடவினேன். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தால் வாய் திறக்கும் என்றார்கள். நாற்பது நாள் குடிக்க வைத்தேன். பேச்சு வரவில்லை. ஆனால் நாற்பத்தோராம் நாளிலிருந்து வேறு எதில் ஊற்றிக் கொடுத்தாலும் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். பூசாரி தலையில் அடித்துக்கொண்டு, பழைய மணி ஒன்றை எங்களுக்கே கொடுத்துவிட்டார். ஒன்பது வயதுவரை பிள்ளை அதில்தான் தண்ணீர் குடித்தாள்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். வயதான சீன டாக்டர் ஒருவர் பிள்ளைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார், காகிதத்தைக் கசக்கிப் பார்த்தார். "காதுல குத்தம் இல்ல. ரொம்ப நல்லா கேக்குது. நமக்குக் கேக்காததும் இவளுக்குக் கேக்குது," என்று மலாயில் சொன்னார். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல காதை வைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறோம் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் வருஷத்தில் ஒரு நாள், சித்திரைத் திருவிழாவில், வெளியே வருவாள். டிரெய்லரைக் கழுவி, தென்னங்கீற்றும் வாழையும் கட்டி, கலர் பல்பு போட்டு ரதமாக்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு டிராக்டரில் உட்காருவார். ரதம் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நிற்கும். வீட்டுக்காரி தேங்காய் பழத் தட்டைக் கொடுத்து, சூடம் காட்டி, திருநீறு வாங்கிக்கொள்வாள். மற்ற நாளெல்லாம் நாம் அம்மாவைப் பார்க்கப் போகிறோம். அன்றைக்கு ஒரு நாள் அவள் நம்மைப் பார்க்க வருகிறாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். சாமியைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவளை வாசலில் நின்று வாங்கம்மா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் ரதத்துக்கு முன்னால் உருமி மேளம் வருமே. டிராக்டர் எவ்வளவு உறுமினாலும் என் மகள் சிரிப்பாள், ஏனென்றால் அது ஒரே சத்தம். மேளம் அப்படி இல்லை. ஏறும், இறங்கும், நின்று திடீரென்று வெடிக்கும். அவளுக்கு அது உடம்பெல்லாம் அடி விழுவது போல. காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள்.

"டிராக்டர் சத்தத்துல தூங்குறா, மேளத்துக்கு அழுவுறா. உம்மவ பெரிய ரசிகைடி," என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். எட்டாவது வீடு அவருடையது. நாக்கு நீளம், மனசும் நீளம்.

அது தெரிந்ததும், முதல் வருஷம் திருவிழாவுக்கு முன்னாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தைப்பிங்கில் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே மூன்று நாளும் மழை. தகரக் கூரையில் ஒரே சத்தமாகப் பெய்தது. மகள் ஆனந்தமாகப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பூட்டிய வீட்டைத் தாண்டி அம்மா போயிருப்பாள்.

இரண்டாம் வருஷம் வீட்டிலேயே இருந்து பார்த்தேன். மேளம் நெருங்கியதும் அவள் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஊர்ந்து போய் அவள் காதுகளை என் கைகளால் பொத்திக்கொண்டேன். அம்மா வாசலில், நான் கட்டிலுக்கடியில். என் புருஷனே ஓட்டி வந்த ரதம், என் வீட்டு முன்னால் சாத்திய கதவைப் பார்த்து நின்றுவிட்டுப் போனது.

அதுவரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் பிள்ளைக்குப் பேச்சைக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கேட்டதை மாற்றிக்கொண்டேன். "ஆத்தா, அடுத்த வாட்டி நீ வாரப்ப எங்க வீட்டுக் கதவு தொறந்திருக்கணும். புள்ளையும் நானும் வாசல்ல நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

மூன்றாம் வருஷம் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால், நான் குழம்பு கிண்டிக்கொண்டிருக்கும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார். "மண்டோர் அண்ணன்கிட்ட கேக்கப் போறேன். நம்ம வீட்டு முன்னால மட்டும் மேளத்த நிறுத்தச் சொல்லி." மண்டோர் அண்ணன்தான் கோயில் தலைவரும்.

அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். "ஏங்க, நம்ம வீடு என்ன சாவு வீடா?"

எங்கள் தோட்டத்து வழக்கம் அது. தீட்டு வீட்டு முன்னால் மட்டும்தான் மேளம் நிற்கும். ரதமும் அங்கே நிற்காது, தட்டும் வாங்க மாட்டார்கள். சத்தமில்லாமல் கடந்து அடுத்த வீட்டுக்குப் போன பிறகுதான் குச்சியைத் தூக்குவார்கள். ஊருக்கெல்லாம் தெரியும்: மேளம் நின்றால் அங்கே பிணம் விழுந்திருக்கிறது.

"ஆறாவது வீடு வரைக்கும் டமடமன்னு அடிச்சுட்டு, நம்ம வீட்ல நிறுத்திட்டு, எட்டாவது வீட்ல திரும்ப அடிக்கவா? புள்ளைய உசுரோட முன்னால நிக்க வெச்சுக்கிட்டு? என் வாயில நல்லா வருது."

"பின்ன என்னதான் செய்யச் சொல்ற? போ, மறுபடி கட்டிலுக்கடியில போயிப் படுத்துக்க."

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் மூன்று பேரும் ஊமை.

லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைத் தடுப்புதான். அது கூரைவரை போகாது. இந்தப் பக்கம் சண்டை போட்டால் அந்தப் பக்கம் தாளிப்பு நின்றுவிடும். மூன்றாம் நாள் தடுப்புக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது.

"ஏன்டி தங்கச்சி, எங்க வீட்டுக்கும் மேளம் வேணாம்னு சொல்லிடு."

"ஏங்க்கா?"

"எம் மாமியாருக்குத் தலவலி."

"ஒங்க மாமியார் செத்து மூணு வருஷமாச்சேக்கா."

"அதான் நிம்மதியா படுத்திருக்கு. எழுப்பி விட்றாதீங்க." கொஞ்ச நேரம் பாத்திரம் உருட்டினார். பிறகு சொன்னார். "ஒரு வீட்ல நின்னா சாவு வீடும்பானுங்க. ரெண்டு வீட்ல நின்னா ரெண்டு சாவும்பானுங்க. பன்னெண்டு வீட்லயும் நின்னா என்னம்பானுங்க? ஒண்ணும் சொல்ல முடியாதுலா."

அன்று சாயந்திரமே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயம் முழுக்க ஒரு நடை போய் வந்தார். என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். "நீ வந்தா அழுவ, காரியம் கெட்டுடும்." கடைசி வீட்டில் மட்டும் எனக்குப் பயம். போன மாதம்தான் கல்யாணமான ஜோடி. அவர்களுக்கு இது முதல் திருவிழா.

"அவன் என்ன சொன்னான் தெரியுமா?" அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "கல்யாணத்துல அடிச்ச மேளமே இன்னும் காதுல கேக்குதுக்கா, அது போதும்னுட்டான்."

என் வீட்டுக்காரர் போய்க் கேட்டபோது மண்டோர் அண்ணன் தாடையைச் சொறிந்தார். "சூசாவா, பெரிய சங்கடமா இருக்கேடா. பன்னெண்டு வீடும் ஒரே மாதிரி கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று பூசாரியைப் பார்த்தார். பூசாரி எங்கள் வீட்டுக்கு மணி கொடுத்தவராயிற்றே. "மேளம் இல்லாட்டி அம்மாளுக்கு வழி தெரியாதா என்ன? வருவா, விடுங்க," என்றார்.

திருவிழாவன்று நாலு மணிக்கு ஒரு மழை அடித்து ஓய்ந்தது. ஐந்தரைக்கு ரதம் கிளம்பியது. பட்டுச்சேலை கட்டி, தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, சூடம் எல்லாம் வைத்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முதல் லயம், இரண்டாம் லயம், அடுத்தது எங்களுடையது. மேளம் தூரத்திலிருந்தே அதிர்ந்தது. தூரம் எனக்குத்தான், அவளுக்கு இல்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள். கட்டிலுக்கடியில் நுழைந்தாள். பட்டுச்சேலையோடு நானும் பின்னால் நுழைந்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு, "இப்ப நின்னுடும்டா தங்கம், இப்ப நின்னுடும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிற்குமா என்று எனக்கே நிச்சயம் இல்லை.

நின்றது.

ஒரு நிமிஷம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டிராக்டர். டுக் டுக் டுக் என்று ஒரே மாதிரி, தினமும் இரண்டு மணிக்கு வருகிற அதே சத்தம். என் கைக்குள் இருந்த தலை அசைந்தது. கையை விலக்கினாள். ஊர்ந்து வெளியே போனாள். தாழ் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

திறந்தது அவள். நான் இல்லை. எனக்கு வெளியே வரவே முடியவில்லை, கட்டில் கம்பியில் முந்தானை மாட்டிக்கொண்டது. இழுத்தேன், டர்ரென்று கிழிந்தது. தலையெல்லாம் ஒட்டடை, பூ ஒரு பக்கம் தொங்க, கண்ணில் தண்ணீரோடு வாசலுக்கு ஓடிவந்தேன். மகள் எங்கேயும் போய்விடவில்லை. டிராக்டர் தினமும் நிற்கும் இடத்தில் போய் நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள். ரதம் அப்போதுதான் இரண்டாவது வீட்டில் தட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

மேளக்காரர்கள் ஈப்போவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ரதத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் நடந்து வந்தார்கள். மூன்றாவது லயத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று மட்டும் மண்டோர் அண்ணன் சொல்லியிருக்கிறார். ஏன் என்று சொல்ல மறந்துவிட்டார். பெரிய மேளக்காரர், நரைத்த மீசை, என் கிழிந்த சேலையையும் கலைந்த தலையையும் பார்த்தார். உருமியைத் தோளிலிருந்து இறக்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அழுவாத தங்கச்சி. மனச தேத்திக்க. யாரு தவறிட்டாங்க?"

எந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பத்து நாளாகப் பயந்தேனோ, அதே கேள்வி, அதே வாசலில்.

அவர் லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "பன்னெண்டு வீட்டுக்கும் தீட்டுன்னா, எல்லாருமே பங்காளிங்களா? பெரிய சாவுதான் போல. ஆனா தட்டு வாங்குறாங்களே, அதான் எனக்குப் புரியல."

"யாரும் தவறலண்ணே," என்றார் பக்கத்தில் தட்டோடு நின்ற அக்கா. "தவறுனது இவ பட்டுச்சேல மட்டும்தான். அதுக்குத்தான் பன்னெண்டு வீடும் துக்கம் காக்குறோம்."

முதலில் சிரித்தது நான்தான். பத்து நாளாக உள்ளே கிடந்த பாரமெல்லாம் சிரிப்பாக வந்தது. பிறகு அக்கா, பிறகு ஆறாவது வீடு, ஐந்தாவது வீடு. சிரிப்புக்கு நடுவில் மகளைக் காட்டி, "புள்ளைக்கு மேளச் சத்தம் தாங்காதுண்ணே, அதுக்காக லயமே வேணாம்னுடுச்சு," என்று சொல்லி முடித்தேன். அவர் துண்டை மறுபடி தலையில் கட்டவில்லை. அப்படியே மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரதம் ஏழாவது வீட்டுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தினமும் நிறுத்தும் இடத்தில் துளி பிசகாமல் நிறுத்தினார். நான் கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டை நீட்டினேன். அம்மா மஞ்சள் பட்டுடுத்தி, எலுமிச்சை மாலையோடு, எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். "வாங்கம்மா," என்றேன். அதற்கு மேல் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

மகள் அம்மனைப் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைத் தட்டினாள். பின் சக்கரத்தைத் தட்டினாள். அடுத்தது டிரெய்லர். ஆனால் அங்கே சக்கரம் இல்லை. அலங்காரத்துக்குக் கட்டிய தென்னங்கீற்று பாவாடை மாதிரி தரைவரை தொங்கி அதை மறைத்திருந்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது. முகம் கோணியது. எனக்குத் தெரியும், இன்னும் ஒரு மூச்சில் அலறல் வரும். கையில் தட்டு, நகர முடியவில்லை. அவர் டிராக்டர் மேலே. திரும்பிப் பார்த்து, "டிரெய்லர், டிரெய்லர் சக்கரம்," என்று பதறினார்.

பெரிய மேளக்காரர்தான் குனிந்தார். உருமிக் குச்சியாலேயே கீற்றை விலக்கித் தூக்கிப் பிடித்தார். உள்ளே சக்கரம். அவள் ஒரு தட்டு தட்டினாள். அவர் ரதத்துக்குப் பின்பக்கமாக அவளுக்கு முன்னால் ஓடிப்போய் மறுபக்கத்துக் கீற்றையும் தூக்கிப் பிடித்தார். அங்கேயும் ஒரு தட்டு.

"பாருங்கடி, புள்ள அம்மாள சுத்தி வருது!" என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூசாரி மட்டும் நெளிந்தார். "சுத்துறது சரி. ஆனா இடப்பக்கமா சுத்துதேம்மா. சாமிய அப்படிச் சுத்தக் கூடாது."

"சும்மா இருங்க சாமி," என்றார் அக்கா. "எப்பவும் ஒரே பக்கமா எல்லாரும் சுத்தி அம்மாளுக்கே தல கிறுகிறுத்துப் போயிருக்கும். இவ அவுத்து விடுறா."

பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சக்கரத்தைத்தான் சுற்றினாள் என்று எனக்குத் தெரியும். தாயாயிற்றே, தெரியாமல் இருக்குமா. ஆனாலும் நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆறாவது சக்கரம் முடிந்ததும் பூசாரி திருநீற்றோடு குனிந்தார். நெற்றியைத் தொட விடமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். அவள் தட்டி முடித்த இடது கையில் கொஞ்சம் வைத்தார். அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு முகர்ந்தாள். கீழே கொட்டவில்லை.

ரதம் எட்டாவது வீட்டுக்கு நகர்ந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. புதுப்பெண் கொடுத்த தட்டை வாங்கிக்கொண்டு லயத்தின் கோடியைத் தாண்டியதும் பெரிய மேளக்காரர் திரும்பி நின்றார். உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டார். குச்சியை உடனே போடாமல், உயர்த்தி எனக்குக் காட்டினார். அடிக்கலாமா என்று கேட்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

மகளை உள்ளே அழைத்தேன். கூப்பிட்டால் வராதவள், அன்றைக்கும் கூப்பிட்டு வரவில்லை. டிராக்டர் சத்தம் தேய்ந்து போவதை நின்று கேட்டு முடித்துவிட்டுத் தானாகத்தான் வந்தாள். திருநீறு இருந்த கையை மூடிக்கொண்டு, மறு கையால் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே மேளம் எழுந்தது. கதவு சாத்தியிருந்தாலும் இப்போது எனக்கு ஒன்றும் இல்லை. அம்மா வந்துவிட்டுப் போயிருந்தாள். மணியில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, இருவரும் கட்டிலுக்கடியில் போய் வசதியாகப் படுத்துக்கொண்டோம்.